தேன் காட்டும் குருவி: நிஜமா, கட்டுக்கதையா?

வாசகர் கேள்வி, 3 பிப்ரவரி 2024

ஆப்பிரிக்காவில் ஒரு குருவி மனுஷனைக் கூப்பிட்டுக்கொண்டு போய் தேன்கூட்டைக் காட்டிக்கொடுக்கும் என்று ஒரு வீடியோ சுற்றுகிறது. எனக்கு இது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகத்தான் படுகிறது. காட்டில் குருவி கத்தும், தேன்கூடும் இருக்கும், இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். யாராவது கண்ணால் பார்த்தவர்கள் உண்டா?

3 பிப்ரவரி 2024, இரவு

நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் இந்தக் குருவியை ஹனிகைட் (honeyguide) என்பார்கள்.

எனக்குச் சொந்த ஊர் பண்ருட்டிப் பக்கம். 2017லிருந்து இரண்டரை வருஷம் மொசாம்பிக்கில் துவரை கொள்முதல் வேலை பார்த்தேன். அங்கே விளைகிற துவரையில் பெரும்பகுதி நம் நாட்டுக்குத்தான் வருகிறது. குவாம்பா ஊரில் எங்கள் குடோன். கிராமம் கிராமமாகப் போய் மூட்டையைப் பிரித்துக் கையை விட்டுப் பார்ப்பது, ஈரப்பத மீட்டர் வைப்பது, தராசில் ஏற்றுவது, இதுதான் பிழைப்பு.

2018 அக்டோபரில், வடக்கே எள் கிடைக்குமா என்று பார்த்து வர அனுப்பினார்கள். மருப்பா தாண்டி மெக்குலா போகிற பாதை. நியாசா வனக் காப்பகம் அந்தப் பக்கம்தான். அங்கே இருப்பவர்கள் யாவ் மக்கள். வண்டி ஒரு கிராமத்தில் நின்றபோது, தேன் எடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு பெரியவரோடும் அவருடைய மருமகனோடும் நானும் டிரைவரும் சேர்ந்துகொண்டோம். குருவி வந்து தேன் காட்டும் என்று டிரைவர் சொன்னதை நானும் அப்போது நம்பவில்லை. உங்கள் கேள்வியில் இருக்கிற அதே நினைப்புத்தான் எனக்கும்.

மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

4 பிப்ரவரி 2024

அந்தக் காட்டை முதலில் மனதில் கொண்டுவாருங்கள். மழை வர இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. தரையெல்லாம் சருகு. ஆனால் மரங்களில் கொழுந்து வந்துவிட்டது. அந்தக் கொழுந்து பச்சையாக இருக்காது, செம்புப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்து வெயிலில் வைத்த மாதிரி இருக்கும்.

பெரியவர் நடந்துகொண்டே ஒரு சத்தம் கொடுத்தார். நாக்கை உருட்டி "ப்ர்ர்ர்ர்", முடிவில் தொண்டைக்குள் "ஹ்ம்". ப்ர்ர்ர்ர்-ஹ்ம். பத்துப் பன்னிரண்டு எட்டு வைப்பார், மறுபடியும் ப்ர்ர்ர்ர்-ஹ்ம். கத்தவில்லை. மாட்டை ஓட்டிப் போகிறவர் வாயில் தானாக ஒரு சத்தம் வந்துகொண்டிருக்குமே, அப்படி.

அரை மணி நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் இடது பக்க மரத்திலிருந்து ஒரு பதில். தீப்பெட்டியில் பாதிக் குச்சி இருக்கும்போது காதோரம் வைத்து வேகமாகக் குலுக்கிப் பாருங்கள், அந்தச் சத்தம்தான். குருவி சின்னான் அளவு இருக்கும். முதுகு சாம்பல் கலந்த பழுப்பு, வயிறு வெளுப்பு. பார்க்க ஒரு அழகும் கிடையாது. ஆனால் பறந்தபோது வாலின் இரண்டு ஓரத்திலும் வெள்ளை பளிச்சென்று விரிந்தது. அந்த வெள்ளையைப் பார்த்துத்தான் அடுத்த மரம் எது என்று தெரிந்துகொள்கிறார்கள்.

போகும், உட்காரும், குலுக்கும். நாங்கள் கிட்டே போனதும் அடுத்த மரம். ஒரு இடத்தில் ஓடை மறித்ததால் நாங்கள் சுற்றி வர வேண்டியதாயிற்று. திரும்பி வந்து எங்கள் தலைக்கு மேலேயே உட்கார்ந்து குலுக்கியது. அந்த நிமிஷத்தில்தான் என் சந்தேகம் போனது. தன் பாட்டுக்குக் கத்துகிற குருவி ஆளைத் தேடித் திரும்பி வராது.

சுமார் இரண்டு கிலோமீட்டர் நடந்திருப்போம். கடைசியில் ஒரு மரத்தில் தாழ்வாக வந்து உட்கார்ந்தது. சத்தத்தை நிறுத்திவிட்டது. பெரியவரும் சத்தம் கொடுப்பதை நிறுத்தினார். இரண்டு பேரும் பேசாமல் நின்ற அந்த இடத்திலிருந்து நாலு மரம் தள்ளி, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு மேலே, ஒரு பொந்து. வாசலில் ஈ போய் வந்துகொண்டிருந்தது. மருமகன்தான் முதலில் கண்டுபிடித்தார். அவர் விரல் நீட்டிக் காட்டிய பிறகும் எனக்கு அதைப் பார்க்க வெகுநேரம் ஆயிற்று.

4 பிப்ரவரி 2024, பிற்பகல்

"பழக்கிய குருவியா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. கூண்டில் வளர்த்தது இல்லை, குஞ்சிலிருந்து இரை போட்டது இல்லை. முழுக்கக் காட்டுக் குருவி. இதில் ஆச்சரியமே அதுதான்.

அதற்கு ஏன் ஆள் வேண்டும் என்றால், அது தின்பது மெழுகு. ஈப்புழுவும் தின்னும், ஆனால் முக்கியமாக மெழுகு. பெரும்பாலான பிராணிகளுக்கு லேசில் செரிக்காத பொருள் அதற்குச் செரிக்கும். கூடு எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியும். ஆனால் பொந்தை உடைக்க முடியாது, கொட்டுகிற ஈயை விரட்ட முடியாது. நம்மிடம் கோடரி இருக்கிறது, புகை இருக்கிறது, கூடுதான் தெரியாது. தேன் நமக்கு, மெழுகு அதற்கு.

6 பிப்ரவரி 2024

கேள்வி கேட்டவர், "ஒரு தடவை நடந்ததை வைத்து எப்படிச் சொல்வது, கணக்கு இருக்கிறதா" என்கிறார். நியாயமான கேள்வி. இருக்கிறது.

1989ல் ஹுசைன் இசாக் என்ற கென்யரும் ஹைன்ஸ்-உல்ரிச் ரேயர் என்பவரும் வட கென்யாவில் போரான் மக்களோடு நடந்து எடுத்த கணக்கு 'சயின்ஸ்' இதழில் வந்தது. பழக்கமில்லாத காட்டில் குருவி இல்லாமல் ஒரு கூட்டைக் கண்டுபிடிக்கச் சராசரியாக 8.9 மணி நேரம். குருவியோடு போனால் 3.2 மணி நேரம். கூடு நெருங்க நெருங்கக் குருவி உட்காரும் கிளை தாழ்ந்துகொண்டே வரும், ஒரு மரத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரமும் குறையும் என்பதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். போரான்காரர்கள் இதைப் பார்த்தே "இன்னும் எவ்வளவு தூரம்" என்று சொல்லிவிடுவார்களாம். அவர்கள் நாக்கை உருட்டுவதில்லை. கையைக் குவித்தோ, நத்தை ஓட்டை வைத்தோ ஊதும் சீழ்க்கை அவர்களுடையது. ஒரு கிலோமீட்டருக்கு மேல் கேட்கும்.

இன்னொரு எண் என்னை உட்கார வைத்து யோசிக்கச் செய்தது. அவர்கள் பார்த்த கூடுகளில் 96 சதவீதம், மனிதன் உடைத்துத் திறந்த பிறகுதான் குருவிக்கு எட்டியது. மனிதன் இல்லாவிட்டால் கிட்டத்தட்ட எல்லாமே எட்டாக் கனி.

அப்புறம் 2016. நான் போன அதே நியாசாவில், கிளேர் ஸ்பாட்டிஸ்வுட் அம்மையாரும் கீத் பெக், கொலீன் பெக் இருவரும் செய்தது. யாவ் ஆட்களின் ப்ர்ர்ர்ர்-ஹ்ம் சத்தத்தைப் பதிவு செய்து, காட்டில் ஒலிபரப்பிக்கொண்டே நடந்தார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வேறு தடவைகளில் சாதாரணப் பேச்சுக் குரலையும் புறாச் சத்தத்தையும் ஒலிபரப்பினார்கள். மற்றச் சத்தங்களுக்கு மூன்றில் ஒரு தடவைதான் குருவி வந்து வழிகாட்டியது. ப்ர்ர்ர்ர்-ஹ்முக்கு மூன்றில் இரண்டு தடவை. கடைசியில் கூடு கிடைக்கிற வாய்ப்பு 16 சதவீதத்திலிருந்து 54 சதவீதத்துக்குப் போனது. ஆக, குருவி ஆளைப் பார்த்து மட்டும் வரவில்லை. "இந்த ஆள் தேனுக்குத்தான் வந்திருக்கிறான்" என்பதை அந்தச் சத்தத்தை வைத்துத் தெரிந்துகொண்டு வருகிறது.

பனம்பழம் விழுந்த கணக்கு இப்படி வராது.

6 பிப்ரவரி 2024, இரவு

ஒன்றை விட்டுவிட்டேன். தேன்வளைக்கரடியையும் (ஆங்கிலத்தில் ஹனி பேட்ஜர், பெயரில்தான் கரடி) இந்தக் குருவி இதே மாதிரி கூட்டிப் போகும். மனிதனுக்கு முன்பே அதுதான் கூட்டாளி. பள்ளிக்கூடப் புத்தகத்தில்கூடப் படித்த ஞாபகம்.

9 பிப்ரவரி 2024

மேலே தேன்வளைக்கரடி பற்றி அவ்வளவு உறுதியாக எழுதியிருக்கக் கூடாது. ஒரு நண்பர் சுட்டிக்காட்டினார், போய்த் தேடிப் படித்தேன்.

இந்தக் கதை நூறு வருஷத்துக்கும் மேலாக ஒரு புத்தகத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கிறது. 1990லேயே மூன்று ஆய்வாளர்கள், இதற்குச் சரியான கண்சாட்சி கிடையாது என்று எழுதியிருக்கிறார்கள். கரடி பெரும்பாலும் இரவில் நடமாடுவது, குருவி பகலில். கரடிக்குக் கண்ணும் காதும் மட்டு. 2023ல் ஒன்பது ஆப்பிரிக்க நாடுகளில் கிட்டத்தட்ட 400 தேன் எடுப்பவர்களிடம் போய்க் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலோர், சுமார் 80 சதவீதம், அப்படி நடப்பதாகத் தாங்கள் நினைக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் தான்சானியாவில் மூன்று சமூகத்தார் மட்டும் பார்த்ததாகச் சொல்கிறார்கள். ஹட்ஸா மக்களிடம் பேசியவர்களில் 61 சதவீதம் பேர் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார்கள். வில்லும் அம்புமாகக் காட்டில் சத்தமில்லாமல் நடக்கிறவர்கள் அவர்கள். மற்றவர்கள் கண்ணில் படாதது அவர்கள் கண்ணில் படலாம். கதையைத் தள்ளவும் முடியாது, பள்ளிப் புத்தகம் மாதிரி எல்லா இடத்துக்கும் பொதுவாக்கவும் முடியாது.

ஒரு வேளை நம் பிள்ளைகளின் புத்தகத்தில் இன்னும் அந்தப் படம் இருந்தால், அந்தக் கரடியை எடுத்துவிட்டு ஒரு யாவ் பெரியவரைப் போடலாம்.

10 பிப்ரவரி 2024

கூட்டை எடுத்த விதத்தைக் கேட்கிறார்கள்.

பெரியவர் காய்ந்த புல்லைக் கற்றையாகக் கட்டினார். அதைச் சுற்றிப் பச்சை இலை. நுனியில் நெருப்பு வைத்ததும் சுடர் வராமல் வெள்ளையாகப் புகை கிளம்பியது. ஒரு நீளக் கழியில் கட்டிப் பொந்து வாசலில் பிடித்தார்கள். அங்கத்திய ஈ நம் பொந்துத்தேனீயைப் போல இல்லை, ரொம்ப மூர்க்கம். நான் இருபதடி தள்ளி நின்றும் நாலு கொட்டு.

பிறகு மரத்தை வெட்டினார்கள். அடியோடு. எனக்கு மனசு கேட்கவில்லை. டிரைவர் மூலம் கேட்டேன். அந்தக் காட்டில் இந்த மரத்துக்குக் குறைவில்லை, ஏறினால் ஈ ஆளைக் கொன்றுவிடும் என்று பெரியவர் சொன்னார். எனக்கு இன்னும் அந்தப் பதில் முழுசாக ஒப்பவில்லை. ஆனால் அந்த மரத்தில் ஏற வேண்டியவன் நான் இல்லை என்பதும் உண்மை.

மரம் விழுந்ததும் கோடரியால் பொந்தை அகலப்படுத்தி, தோள்வரை கையை விட்டு அடையை எடுத்தார். முதலில் வந்தது பழைய அடை, கறுத்துப்போய், பனை ஓலை மாதிரி உலர்ந்து. அதன் பின்னால் புழு அடை. கடைசியில் தேன் நிறைந்த வெள்ளை அடை, ஓரத்தில் விரல் பட்டாலே கசிந்தது. அந்த இடத்திலேயே எல்லோரும் வழித்துத் தின்றோம். கருகல் வாசனை, கொஞ்சம் புளிப்பு, பிறகுதான் இனிப்பு.

17 பிப்ரவரி 2024

ஒரு வாரமாக இதை எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். எழுதிவிடுகிறேன்.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது பெரியவர் பச்சை இலைகளைப் பறித்துத் தரையில் பரப்பினார். அதன்மேல் கறுத்த அடையில் ஒரு துண்டும், புழு அடையில் ஒரு துண்டும், நல்ல வெள்ளை மெழுகில் உள்ளங்கை அளவு ஒன்றும் வைத்தார். குருவி பங்கு. சாமிக்குப் படையல் வைக்கிற மாதிரிதான் இருந்தது, அவ்வளவு நிதானமாக வைத்தார்.

அவர்கள் முன்னால் போனதும் நான் அந்த வெள்ளைத் துண்டை எடுத்து டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டேன். ஊருக்குக் கொண்டுபோய் வீட்டில் காட்ட வேண்டும் என்று ஆசை. குருவிக்கு மற்ற இரண்டு துண்டும் போதாதா என்று நினைத்தேன். தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்பார்கள். நான் நக்கியது அடுத்தவன் கை.

பெரியவர் திரும்பிப் பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. கோபமும் இல்லை. தன் வாளியைத் திறந்து, தன் பங்கிலிருந்து ஒரு துண்டை உடைத்து, திரும்ப வந்து அந்த இலைமேல் வைத்துவிட்டுப் போனார்.

குருவி மேலே எங்கேயோ இருந்தது. இறங்கி வந்து தின்பதைப் பார்க்க எனக்கு நேரமும் இல்லை, அங்கே நிற்க முகமும் இல்லை.

பங்கு கொடுக்காமல் போனால் அடுத்த தடவை குருவி உன்னைச் சிங்கத்திடமோ பாம்பிடமோ கொண்டுபோய் விட்டுவிடும் என்பது ஆப்பிரிக்காவில் பல இடத்திலும் இருக்கிற நம்பிக்கை. டிரைவர் வழியெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார்.

18 பிப்ரவரி 2024

ஆறுதலுக்காக எழுதியிருக்கிறீர்கள், நன்றி. ஆனால் "பங்கு வைப்பதுதான் எல்லா இடத்திலும் தர்மம்" என்று ஒருவர் எழுதியிருப்பதைத் திருத்த வேண்டியிருக்கிறது.

தான்சானியாவில் ஏயாசி ஏரிப் பக்கம் வாழும் ஹட்ஸா மக்கள் நேர் எதிராகச் செய்கிறார்கள். மிச்சமான மெழுகைப் பொறுக்கி எரித்துவிடுவார்கள், அல்லது புதைப்பார்கள், ஒளிப்பார்கள். குருவி வயிறு நிறைந்துவிட்டால் போய் உட்கார்ந்துகொள்ளும், பசியோடு இருந்தால்தான் அடுத்த கூட்டைக் காட்டும் என்பது அவர்கள் கணக்கு. பிரையன் வுட் என்பவர் அவர்களோடு தங்கி 2014ல் எழுதினார். ஆண்டு முழுக்க அவர்கள் சாப்பிடுவதில் 8 முதல் 10 சதவீதம் இந்தக் குருவி காட்டிக் கிடைப்பது. அவ்வளவு தேன் தருகிற குருவிக்கு மெழுகை ஒளிக்கிறார்கள்.

இதை முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. அடிச்சுவட்டில் சிந்திய துண்டு, இடுக்கில் ஒட்டிய துண்டு என்று குருவிக்கு எப்படியும் கொஞ்சம் கிடைத்துவிடும். கிடைக்காமல் இருந்தால் அது இத்தனை காலம் கூப்பிட்டுக்கொண்டு இருக்காது. நான் எடுத்ததும் அவர்கள் ஒளிப்பதும் ஒன்றில்லை. அவர்கள் நாளைக்கும் அதே காட்டில், அதே குருவியோடு நடக்க வேண்டியவர்கள். நான் மறுநாள் ஊரை விட்டுக் கிளம்புகிறவன்.

2 மார்ச் 2024

குருவிக்கு இதை யார் சொல்லித் தருகிறார்கள் என்ற கேள்வி. தாய் சொல்லித் தருவதற்கு வாய்ப்பே இல்லை. ஏனென்றால் இந்தக் குருவி நம் குயில் மாதிரி. முட்டையை அடுத்த பறவையின் வளையில் வைத்துவிட்டுப் போய்விடும். பஞ்சுருட்டான், கொண்டலாத்தி, மரங்கொத்தி என்று பொந்திலும் வளையிலும் குஞ்சு பொரிக்கிற பறவைகள்தான் அதன் இலக்கு.

இதில் ஒரு கொடுமை இருக்கிறது, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். குஞ்சு கண் திறக்கும் முன்பே அதன் அலகு நுனியில் இரண்டு கொக்கி இருக்கும், மேலே ஒன்று கீழே ஒன்று. அந்தக் கொக்கியால் வளைக்குள் இருட்டிலேயே, வளர்க்கிற வீட்டுக் குஞ்சுகளைக் கடித்துக் கொன்றுவிடுகிறது. ஜாம்பியாவில் பஞ்சுருட்டான் வளைக்குள் கேமரா வைத்து எடுத்ததில் இது பதிவாகி, 2012ல் வெளிவந்தது. கொக்கி அப்புறம் தானாகப் போய்விடும். மனிதனோடு இவ்வளவு ஒத்துழைக்கிற பறவை பிறந்த முதல் வேலையாகச் செய்வது இது.

ஆக, பஞ்சுருட்டான் வளர்த்த பிள்ளைக்கு ஆளைக் கூப்பிடுகிற வழக்கம் ரத்தத்திலேயே இருக்க வேண்டும். ஆனால் எந்தச் சத்தத்துக்குப் பதில் சொல்வது என்பது ரத்தத்தில் இல்லை போலிருக்கிறது. 2023 டிசம்பரில் ஸ்பாட்டிஸ்வுட்டும் பிரையன் வுட்டும் சேர்ந்து ஒரு சோதனை வெளியிட்டார்கள். ஹட்ஸா ஆட்கள் சீழ்க்கை அடிப்பார்கள், ஏறக்குறைய ஒரு பாட்டு மாதிரி. யாவ் ஆட்களுக்கு ப்ர்ர்ர்ர்-ஹ்ம். ஒருவர் சத்தத்தை மற்றவர் காட்டில் போட்டுப் பார்த்தார்கள். ஹட்ஸா காட்டுக் குருவி யாவ் சத்தத்தைவிட ஹட்ஸா சீழ்க்கைக்கு மூன்று மடங்குக்கு மேல் வந்தது. நியாசாக் குருவி தன் ஊர்ச் சத்தத்துக்கு இரண்டு மடங்கு அளவுக்கு வந்தது. ஒவ்வொரு குருவியும் தன் வட்டார மனிதரின் பேச்சைக் கற்றுக்கொண்டிருக்கிறது. இளங்குருவிகள் மார்பு மஞ்சளாக, கிழக்குருவியிலிருந்து வேறு மாதிரி இருக்கும். அவையும் வழிகாட்டும்.

பெரியவரிடம் கேட்டேன், வேறு சத்தம் கொடுத்தால் என்ன என்று. "என் அப்பா இப்படித்தான் கூப்பிட்டார்" என்றார். அவ்வளவுதான் பதில். அந்தப் பதிலும் ஆராய்ச்சியின் முடிவும் ஒன்றுதான் என்று இப்போது புரிகிறது. சத்தத்தை மாற்றினால் குருவி குறைவாகத்தான் வரும், அதனால் யாரும் மாற்றுவதில்லை.

3 மார்ச் 2024

சின்னது ஒன்று. ஒருவர் "வெள்ளைக்காரர்கள் 2016ல் கண்டுபிடித்தது" என்று எழுதியிருக்கிறார். தேன் எடுக்கிறவர்களுக்கு எப்போதிலிருந்தோ தெரியும். ஐரோப்பியர் எழுதி வைத்ததே 400 வருஷத்துக்கு மேல் ஆகிறது. மொசாம்பிக் கரையில் சோஃபாலாவில் இருந்த ஜோவாவ் தோஸ் சாந்தோஸ் என்ற போர்த்துகீசியப் பாதிரியார், கோயிலுக்குள் ஒரு குருவி வந்து மெழுகுவர்த்தியைக் கொத்தித் தின்பதைப் பார்த்தார். அது ஆட்களைத் தேன்கூட்டுக்கு அழைத்துப் போவதையும் எழுதினார். 1609ல் அச்சானது. அதே கரையில் இருக்கிற பெய்ரா துறைமுகத்துக்கு நான் கன்டெய்னர் விஷயமாக நாலு தடவை போயிருக்கிறேன். அப்போது இது தெரியாமல் போயிற்று.

5 மார்ச் 2024

நம் காட்டில் இல்லையா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். இல்லை. தமிழ்நாட்டில் இல்லை, இலங்கையிலும் இல்லை. ஹனிகைட் குடும்பத்தில் ஆசியாவில் இருப்பவை இரண்டே இனம். ஒன்று மலேசியா, சுமத்ரா பக்கம். இன்னொன்று இமயமலையில், பிட்டம் மஞ்சளாக இருக்கும். அதன் ஆண், பாறையில் தொங்கும் பெருந்தேனீ அடையைத் தன் சொத்து மாதிரி காவல் காக்கும். மெழுகு தின்ன வரும் பெட்டையோடு சேரும், வேறு ஆண் வந்தால் விரட்டும். ஆனால் இரண்டுமே மனிதனைக் கூப்பிடுவதாகத் தெரியவில்லை. மனிதனைக் கூப்பிடுவதில் பேர் பெற்றது நான் பார்த்த ஆப்பிரிக்க இனம்தான், ஆங்கிலத்தில் கிரேட்டர் ஹனிகைட்.

நம் பக்கத்தில் தேன்பருந்து இருக்கிறது. அது யாரையும் கூப்பிடாது, தானே அடையைக் கிழித்துத் தின்றுவிடும்.

ஊருக்கு வந்த பிறகு கல்வராயன் மலையில் தேன் எடுக்கிற ஒருவரிடம் இதைச் சொன்னேன். நம்பினார், ஆச்சரியப்படவில்லை. "எங்களுக்கு ஈயே வழி சொல்லும்" என்றார். கோடையில் ஊற்றோரம் தண்ணீர் குடிக்க வரும் ஈயைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். வயிறு நிறைந்த ஈ சுற்றாமல் நேராகப் போகும். வெயிலுக்கு எதிரே முகத்தை வைத்தால் அந்தக் கோடு மின்னும். போய்த் திரும்ப எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று வைத்துத் தூரம் சொல்வார். குருவி இல்லாத காட்டில் மனிதன் ஈயிடமே நேராகக் கற்றுக்கொண்டான்.

அவர் ஒன்று கேட்டார்: "அந்தக் குருவியை அவங்க அடிச்சுத் திங்க மாட்டாங்களா?" நான் பார்த்த கிராமத்தில் மாட்டார்கள். தொடவே மாட்டார்கள்.

21 ஏப்ரல் 2024

காட்டு விலங்கும் மனிதனும் இப்படிச் சேர்வது வேறு எங்காவது உண்டா என்ற கேள்விக்கு: பிரேசிலில் லகுனா என்ற ஊரில் டால்பின்கள் மடவை மீன் கூட்டத்தைக் கரைக்கு ஒதுக்கும். அவை முதுகை வளைத்துச் சாடை காட்டியதும் மீனவர்கள் வலை வீசுவார்கள். பர்மாவில் ஐராவதி ஆற்றிலும் அது போல உண்டு. விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அதனால்தான் எனக்கு இந்த விஷயத்தில் கவலை. இந்தக் கூட்டு ஆப்பிரிக்காவில் பல இடங்களில் ஏற்கெனவே போய்விட்டது. கடையில் சர்க்கரை வந்தால் தேனுக்கு யாரும் காட்டுக்குப் போவதில்லை. பெட்டியில் ஈ வளர்த்தால் போக வேண்டிய அவசியமில்லை. சரணாலயம் என்று வேலி போட்டால் போகக் கூடாது. குருவி முதலில் சும்மா வந்து குலுக்கிப் பார்க்கும், எவரும் பின்னால் வரமாட்டார்கள், அப்புறம் அதுவும் விட்டுவிடும். குருவி இனம் அழியாது, மெழுகு எப்படியோ தேடிக்கொள்ளும். அழிவது பேச்சு. நியாசாவில் காப்பகத்துக்குள்ளேயே மக்கள் குடியிருக்கிறார்கள், தேனும் எடுக்கிறார்கள். அதனால்தான் அங்கே இன்னும் நடக்கிறது. காட்டைக் காப்பாற்ற ஆளை வெளியேற்ற வேண்டும் என்று பேசுகிறவர்கள் இந்த ஒரு குருவியைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

துவரை வாங்கப் போன நாங்கள் லாரி லாரியாகச் சர்க்கரையும் கொண்டுபோய் இறக்கினோம். அதையும் எழுதிவிடுகிறேன்.

9 ஜூன் 2024

ஒரு திருத்தம். பிப்ரவரி 4 குறிப்பில் சுமார் இரண்டு கிலோமீட்டர் நடந்ததாக எழுதியிருந்தேன். டிரைவரிடம் நேற்று போனில் பேசினேன். ஐந்து வருஷம் கழித்து. இப்போது நம்புலாவில் சொந்தமாக வண்டி ஓட்டுகிறார். "இரண்டா? ஒன்றுகூட இருக்காது, வெயிலில் உங்களுக்கு அப்படித் தெரிந்திருக்கும்" என்றார். அவர் சொல்வதே சரியாக இருக்கும். அந்த மண்ணில் நடந்து பழகியவர் அவர்.

அப்புறம், எனக்குத் தெரியாத ஒன்றையும் சொன்னார். அன்றைக்குத் தண்ணீர்க் கேனை வெட்டிய மரத்தடியிலேயே விட்டுவிட்டோம். நான் வண்டியில் ஏறிக் கொட்டிய இடத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தபோது, அவர்தான் திரும்பப் போய் எடுத்து வந்தார். அப்போது குருவி இலைமேல் இறங்கியிருந்ததாம். பெரியவர் இரண்டாம் தடவை வைத்த வெள்ளைத் துண்டைக் காலால் அமுக்கிக்கொண்டு கொத்திக்கொண்டிருந்தது. ஒரு முழம் தள்ளி இன்னொரு குருவி, அதன் மார்பு மஞ்சள், கறுத்த அடையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததாம். கேனை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்தேன் என்றார்.